பழைய ஜெர்மன் வயலின்: சீட்டைப் பார்த்து விலை பேசலாமா?

வாசகர் கேள்வி – பதில்

(பழைய வயலின்களைப் பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, குன்னூரில் வயலின் பழுதுபார்க்கும் பட்டறை நடத்திவரும் எமது பகுதியாளர் விடையளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகள் ஆறு ஆண்டுகளாகக் கர்நாடக இசை முறையில் வயலின் கற்று வருகிறாள். ஊட்டியில் ஒருவர் தம் தாத்தா காலத்து வயலினைப் புதுப்பித்து விற்பனைக்கு வைத்திருக்கிறார். தாத்தா தேயிலை எஸ்டேட்டில் கணக்கராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். உள்ளே 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் கிரெமோனென்சிஸ் ஃபேசியேபாட் அன்னோ 1721' என்று பழுப்பேறிய சீட்டு ஒட்டியிருக்கிறது; அதன் அடியில் பொடி எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி' என்றும் இருக்கிறது. 1,10,000 ரூபாய் கேட்கிறார். இது அசலா, ஏமாற்று வேலையா? வாங்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, அது ஸ்ட்ராடிவாரி செய்த வயலின் அல்ல. ஆனால் அதனாலேயே அதை ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். சீட்டில் உள்ள லத்தீன் வாசகத்துக்கு 'கிரெமோனாவைச் சேர்ந்த அன்டோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ் 1721ஆம் ஆண்டில் செய்தார்' என்று பொருள். அன்டோனியோ ஸ்ட்ராடிவாரி இத்தாலியின் கிரெமோனா நகரில் வாழ்ந்து 1737இல் மறைந்த புகழ்பெற்ற வயலின் கைவினைஞர். அவர் செய்த கருவிகளில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 650 மட்டுமே. அவர் கைப்படச் செய்த வயலினுக்குள் ஆங்கிலத்தில் 'மேட் இன் ஜெர்மனி' என்று அச்சாகியிருக்க வழியே இல்லை. அந்தப் பொடி எழுத்துதான் சீட்டில் நம்பத்தக்க பகுதி. அயல்நாட்டுச் சரக்குக்கு எந்த நாட்டில் செய்தது என்ற குறி வேண்டும் என்று பிரிட்டனில் 1887இலும், இந்தியாவில் 1889இலும், அமெரிக்காவில் 1890இலும் சட்டங்கள் வந்தன. அவற்றின் பின்னரே இத்தகைய சீட்டுகள் பெருகின. ஆகவே உங்கள் வயலின் பெரும்பாலும் 1890க்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடையே செய்யப்பட்டதாக இருக்கும்.

எங்கே செய்யப்பட்டது என்றால், மிகப் பெரும்பாலும் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், பொஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) எல்லையை ஒட்டிய மலைநாட்டில் உள்ள மார்க்நாய்கிர்சென் வட்டாரத்தில்தான். சமயக் காரணங்களால் பொஹீமியாவை விட்டு வெளியேறி வந்த வயலின் கைவினைஞர்கள் 1677இல் அங்கே சங்கம் அமைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரும், பக்கத்தில் உள்ள கிளிங்கென்தாலும், எல்லைக்கு அப்பால் ஷோன்பாகும் சேர்ந்து உலகம் முழுவதற்கும் வயலின் அனுப்பின. அமெரிக்க வணிகம் எவ்வளவு பெருகியது என்றால், அந்தச் சிற்றூரில் 1893 முதல் 1916 வரை அமெரிக்கத் தூதரக அலுவலகமே ஒன்று இயங்கியது.

வேலை நடந்த விதத்தை நம் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பாவு ஓட்டுபவர் ஒருவர், சாயம் தோய்ப்பவர் ஒருவர், தறியில் அமர்பவர் ஒருவர் என்று இங்கே வேலை பிரிந்திருப்பதைப் போலவே, அங்கே ஒரு வீட்டில் கழுத்தின் முனையில் வரும் தலைச்சுருள் மட்டும் செதுக்கினார்கள், இன்னொரு வீட்டில் மேற்பலகையும் அடிப்பலகையும் குடைந்தார்கள், வேறொரு வீட்டில் விரல்பலகை இழைத்தார்கள். மொத்த வியாபாரி அவற்றை வாங்கிக் கொண்டுபோய், சேர்த்து ஒட்டுபவரிடமும் வார்னிஷ் பூசுபவரிடமும் கொடுத்தார். அதனால்தான் அந்த வயலின்களுக்குச் செய்தவர் பெயர் என்று ஒன்று இல்லை. ஸ்ட்ராடிவாரி பெயரிட்ட சீட்டு, 'இது அவருடைய அச்சில் செய்தது' என்பதைக் குறித்தது. அன்றைய விலைப்பட்டியல்களில் இவை 'ஸ்ட்ராடிவாரியஸ் மாடல்' என்றே மலிவு விலையில் வந்தன. வாங்கியவர்களுக்கும் அது தெரியும். பிற்காலத்தில் பரணிலிருந்து எடுத்த பேரன்மாருக்குத்தான் தெரியாமல் போயிற்று. ஆண்டுக்கணக்கில் தலைச்சுருள் ஒன்றையே செதுக்கிய அந்தக் கைகளை நான் மிகவும் மதிக்கிறேன். என் மேசைக்கு வரும் ஒவ்வொரு வயலினிலும் முதலில் தலைச்சுருளைத்தான் திருப்பிப் பார்ப்பேன். சுருளின் பின்புறம் ஓடும் வாய்க்கால் சுருளைச் சுற்றிவந்து அதன் அடியில் புகுந்து கடைசிவரை குடையப்பட்டிருக்கிறதா, அல்லது பார்வையில் படும் இடத்தோடு நின்றுவிட்டதா என்பதிலேயே, அது நிதானமாகச் செய்த உருப்படியா, சந்தைக்கு அவசரமாகச் செய்ததா என்பது பாதி தெரிந்துவிடும்.

இனி வாங்குவதைப் பற்றி. விற்பவர் 'புதுப்பித்தேன்' என்கிறார். எதைப் புதுப்பித்தார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். துணியால் துடைத்துப் புதுக் கம்பி மாட்டுவதையும் சிலர் புதுப்பித்தல் என்கிறார்கள். மேற்பலகையைத் திறந்து, விரிசலை ஒட்டி, உள்ளே ஸ்ப்ரூஸ் என்ற மரத்தின் சிறு வில்லைகள் வைத்துத் தாங்கு கொடுத்து, கழுத்தைக் கழற்றிச் சரியான கோணத்தில் மீண்டும் பதித்து, கம்பியை முறுக்கும் பிருடைகளின் துளைகளை மரத்தால் அடைத்துத் திரும்பக் குடைந்து, கம்பிகளைத் தாங்கும் புதிய பிரிட்ஜும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்டும் பொருத்துவதும் புதுப்பித்தல்தான். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது.

நேரில் போகும்போது ஓர் அடிக்கோலும், சிறு டார்ச்சும், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற காம்பு நீண்ட கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள். அடிக்கோலை விரல்பலகையின் மேல் படியவைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால், அது பிரிட்ஜைத் தொடும் இடம் மேற்பலகையிலிருந்து ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். மிகவும் தாழ்ந்திருந்தால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்வது பெரிய வேலை. மேற்பலகையில் உள்ள 'எஃப்' வடிவத் துளை வழியே கண்ணாடியை விட்டுப் பாருங்கள். நல்ல வேலைப்பாடாக இருந்தால் நான்கு மூலைகளிலும் உள்ளே மரக்கட்டைகள் இருக்கும். மலிவு வேலையில் அவை இல்லாமலும் இருக்கும், வெளிப் பார்வைக்கு மட்டும் மெல்லிய பலகையைச் சாய்த்து ஒட்டியும் இருப்பார்கள். தடித்த கம்பிக்கு நேர் கீழே, மேற்பலகையின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் பேஸ் பார் என்ற மரச்சட்டம் தனியாகச் செய்து ஒட்டியதா, பலகையைக் குடையும்போதே மேடாக விட்டுச் செதுக்கியதா என்பதையும் கவனியுங்கள். மேடாக விட்டது அவசர வேலை. நல்ல பழுதுபார்ப்பவர் அதைச் சீவி எடுத்துவிட்டுப் புதிய பார் ஒட்டியிருப்பார். அப்படிச் செய்திருந்தால் நாதம் நன்றாகத் திறக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடம். மெல்லிய கம்பிப் பக்கத்து பிரிட்ஜ் காலுக்குச் சற்றுப் பின்னால், இரு பலகைகளுக்கும் நடுவில் ஒட்டாமல் நிற்கும் சிறு குச்சி அது. அந்த இடத்தில் அடிப்பலகையில் விரிசல் ஓடியிருந்தால், எவ்வளவு திறமையாக ஒட்டியிருந்தாலும், பாதி விலையாவது போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில், மரத்தின் ரேகை வழியே ஓடி, சுத்தமாக ஒட்டப்பட்டுப் பல ஆண்டுகள் நிலைத்துவிட்ட விரிசல்களுக்கு அஞ்சவேண்டாம். நூறாண்டு கண்ட கருவியில் அவை இல்லாவிட்டால்தான் வியப்பு.

விலையைப் பொறுத்தவரை, கருவியைக் காணாமல் முடிவாகச் சொல்வது முறையல்ல. வெளிநாட்டுக் கடைகளில் முழுமையாகச் சீர்செய்த இவ்வகை வயலின்கள் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் டாலருக்குள் விற்கின்றன; சீர்செய்யாதவை சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன. நான் மேலே சொன்ன பெரிய வேலைகள் உண்மையிலேயே நடந்திருந்து, உங்கள் மகள் அரைமணி நேரம் வாசித்துப் பார்த்து நாதம் பிடித்திருக்கிறது என்றால், அவர் கேட்பது அநியாய விலை அல்ல. துடைத்துக் கம்பி மாட்டியது மட்டும்தான் என்றால் அதில் பாதி கொடுப்பதும் அதிகம். சீட்டுக்காக ஒரு ரூபாயும் கூட்டவேண்டாம்.

கேள்வி: என் மாமனார் தேவாலயத்தில் வாசித்த ஜெர்மன் வயலினை 40,000 ரூபாய் செலவழித்துச் சீர்செய்தேன். வீட்டில் வாசிப்பவர் எவரும் இல்லாததால் விற்க எண்ணுகிறேன். விளம்பரத்தில் சீட்டில் உள்ள பெரிய பெயரைப் போடலாமா? போட்டால்தான் ஆள் வரும் என்கிறார் நண்பர்.
– வாசகர், உதகமண்டலம்

பதில்: பெயரைப் போடலாம், எப்படிப் போடுகிறீர்கள் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. 'ஸ்ட்ராடிவாரியஸ் வயலின்' என்று எழுதினால் அது பொய். 'ஸ்ட்ராடிவாரியஸ் சீட்டு ஒட்டிய, சாக்சனி வட்டாரத்து வணிக வயலின்' என்று எழுதினால் அது உண்மை. அடிப்பலகையின் தலைமாட்டில் 'ஸ்டெய்னர்' என்று சூட்டுக்குறி இருந்தாலும் இதே விதிதான். டைரோல் நாட்டு வயலின் கைவினைஞர் யாக்கோப் ஸ்டெய்னர் 1683இல் மறைந்தவர். அந்தக் குறியோடு வரும், முதுகு உயர்ந்த வயலின்கள் பெரும்பாலும் அவர் காலத்துக்கு மிகவும் பிந்திய ஜெர்மன் வணிகச் சரக்கே.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'விற்பனைக்கு: ஜெர்மன் வணிக வயலின், சுமார் 1900, முழு அளவு, உடல் நீளம் 356 மில்லிமீட்டர். உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் மாதிரிச் சீட்டு. மேற்பலகை ஸ்ப்ரூஸ், அடிப்பலகை வரியோடிய மேப்பிள், இரண்டு துண்டு. மேற்பலகையில் வலப்பக்கக் கீழ்விளிம்பிலிருந்து ஒரு விரிசல், வஜ்ஜிரப் பசையால் ஒட்டி உள்ளே தாங்கு கொடுக்கப்பட்டுள்ளது. சவுண்ட் போஸ்ட் இடத்தில் விரிசல் இல்லை. புதிய கருங்காலி விரல்பலகை, பிருடைகள், பிரிட்ஜ். வார்னிஷ் பழையது, தேய்ந்த இடங்களில் மட்டும் நிறம் தொட்டது. வேலைக்கு முந்தைய படங்கள் காட்டப்படும்.' உங்கள் கருவிக்கு ஏற்றபடி விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். பழுதை மறைக்காமல் எழுதிய விளம்பரத்தைப் படித்துவிட்டு வருபவர் வாங்கவே வருவார். பெயரைப் பார்த்து வருபவர்கள் பத்துப் பேர் வந்து, பார்த்து, வருத்தப்பட்டுத் திரும்புவார்கள்.

சீட்டில் நாட்டின் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்து எழுதுங்கள். 'செக்கோஸ்லோவாக்கியா' என்றிருந்தால் அது 1918க்குப் பிந்தையது. ஜெர்மன் என்று எழுதக்கூடாது. 'யு.எஸ். ஸோன்' (போருக்குப் பின் அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்த ஜெர்மன் பகுதி) என்ற சொல் இருந்தால் 1945க்குப் பிந்திய சில ஆண்டுகளுக்கு உரியது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்குப் பிறகு. மாமனார் 1930இல் வாங்கியது என்று வீட்டில் சொல்லிவந்த கருவியில் கடைசி இரண்டு சொற்களில் ஒன்றைக் கண்டால், குடும்பக் கதையைத் திருத்திக்கொள்வதே நல்லது. செலவழித்த 40,000 ரூபாய் முழுவதும் விலையில் திரும்பி வரும் என்று எண்ணவேண்டாம் என்பதையும் வருத்தத்தோடு சொல்கிறேன். சாதாரண வணிக வயலினில் கூலி சில சமயம் கருவியின் மதிப்பையே தாண்டிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு ஜெர்மன் வயலின் ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் விளிம்பில் விட்டுப்போகிறது. தச்சர் ஒருவர், 'வஜ்ஜிரம் பழைய காலத்துப் பசை, வெள்ளைப் பசை போட்டால் பிரியவே பிரியாது' என்கிறார். செய்யலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: தயவுசெய்து செய்யவேண்டாம். பிரியவே பிரியாது என்பதுதான் அதன் குற்றம்.

ஸ்ப்ரூஸ் பலகை ஈரத்தில் அகலவாக்கில் பருக்கும், காற்று வறண்டால் சுருங்கும், நீளவாக்கில் அசையாது. மேற்பலகை சுருங்கும்போது பக்கச் சுவராக நிற்கும் விலாப்பலகை அதை இழுத்துப் பிடித்துக்கொண்டால் எங்கேனும் ஓரிடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் வஜ்ஜிரம் அந்த இடமாக இருப்பதற்கென்றே மேற்பலகை விளிம்பில் நீர்க்கக் கரைத்துப் பூசப்படுகிறது. இணைப்பு விட்டுப்போனால் மெல்லிய கத்தியால் புதுப் பசையைச் செலுத்தி, கிளாம்பு வைத்து, மறுநாள் எடுத்துவிடலாம்.

இதை நான் தவறு செய்து கற்றேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பள்ளி ஆசிரியர் கொண்டுவந்த சாக்சனி வயலினில், ஆண்டுதோறும் விட்டுப்போன கீழ்விளிம்பை வெள்ளைப் பசையால் ஒட்டிக்கொடுத்தேன். மழைக்காலம் முழுவதும் அசையவில்லை. தை மாதம், உறைபனி விழுந்து காற்று காய்ந்த வாரத்தில், அவர் பெட்டியைத் திறந்தபோது மேற்பலகை விளிம்பிலிருந்து 'எஃப்' துளை வரை கீறிக்கொண்டு நின்றது. நான் ஒட்டிய இடம் மட்டும் கல்லைப்போல் இருந்தது. திறக்க முயன்றபோது மரநார் பசையோடு பிய்ந்து வந்தது. வஜ்ஜிரமாக இருந்திருந்தால் கத்தியும் வெந்நீரும் போதும். மூன்று வாரம் கூலி வாங்காமல் உழைத்துச் சரிசெய்து கொடுத்தேன் என்றாலும், நூறாண்டு தாங்கிய பலகையை ஒரே பருவத்தில் பிளக்கவைத்தது என் கை என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

வஜ்ஜிரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல், வெந்நீருக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கவேண்டும். கொதிக்கவிட்டால் பிடிப்புப் போய்விடும். நம் மலைக் குளிரில் பூசிய கணத்திலேயே அது உறையத் தொடங்கும் என்பதால், ஒட்டப்போகும் மரத்தையும் இளஞ்சூடு காட்டிக்கொள்வது நல்லது. வயலினை வைக்கும் அறையில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் கருவிக்குத் தொல்லை குறைவு. கொடையில் மழை மாதங்களில் அது எளிதல்ல. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டு, மாதம் ஒருமுறை வாணலியில் வறுத்துத் திரும்பப் போடுங்கள். பழைய பங்களாக்களில் கணப்புக்கு மேல் சுவரில் வயலினை அழகுக்காக மாட்டியிருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஒருபக்கம் நெருப்புச் சூடு, மறுபக்கம் ஈரச்சுவர். சமவெளிக்குக் கச்சேரிக்குப் போகிறவர்கள், கீழே இறங்கியதும் பெட்டியை உடனே திறக்காமல் ஒருமணி நேரம் விட்டுவைக்கவும். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட்டுவைக்க வேண்டாம்.

கேள்வி: மேற்கத்திய இசைக்கென்று செய்த பழைய ஜெர்மன் வயலின் நம் சுருதிக்கு ஒத்துவருமா?
– மாணவி, குன்னூர்

பதில்: வரும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் இசைக்குக் கொண்டுவந்தபோதும் கருவி ஐரோப்பியக் கருவியே. நாம் மாற்றியது உட்காரும் முறையையும் சுருதி சேர்ப்பதையும்தான். ஐந்து கட்டைச் சுருதியில் (மேற்கத்திய 'ஜி') ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தால், தடித்த கம்பிகள் இரண்டும் மேற்கத்திய முறையில் உள்ள அதே ஸ்வரத்தில் நிற்கின்றன; மற்ற இரண்டும் ஒரு முழு ஸ்வரம் இறங்குகின்றன. ஆகவே பழைய மேற்பலகைக்கு இழுவை குறைகிறதே தவிரக் கூடுவதில்லை. ஒன்று, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கும்போது கம்பி தொய்ந்து நாதம் மங்கும். அதற்குச் சற்றுத் தடித்த கம்பி மாட்டி, சவுண்ட் போஸ்டை இழை இழையாக நகர்த்திப் பார்க்கவேண்டும். தலைச்சுருளைக் கால்மேல் ஊன்றி வாசிப்பதால் அதன் ஓரம் வேர்வையில் தேயும். சுருளுக்கும் காலுக்கும் இடையே மெல்லிய துணி வைத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: வார்னிஷ் கறுத்துத் திட்டுத்திட்டாக இருக்கிறது. சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் விலை கூடுமா?
– வாசகர், வெல்லிங்டன்

பதில்: குறையும். சாக்சனிக் கைவினைஞர்கள் பலர், விளிம்பைக் கறுப்பாகவும் நடுவை வெளிறியும் விட்டு, பழமைத் தோற்றம் வருமாறு வேண்டுமென்றே பூசினார்கள். நீங்கள் அழுக்கு என்று எண்ணுவது அவர்கள் செய்த வேலையாகவே இருக்கலாம். பிரிட்ஜைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருப்பது மட்டும் வில்லில் தேய்க்கும் ரோசின் பிசினின் தூள். அன்றாடம் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். இறுகிப்போன படிவைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். ஸ்பிரிட் ஒரு சொட்டுப் பட்டாலும் வார்னிஷ் கரைந்துவிடும்.

கேள்வி: வயலினோடு 'துர்த்' என்று முத்திரையிட்ட பழைய வில்லையும் சேர்த்து விற்கிறார்கள். வில்லுக்குத் தனி மதிப்பு உண்டா?
– வாசகர், கூடலூர்

பதில்: முத்திரைக்கு இல்லை. பாரிஸில் 1835இல் மறைந்த வில் கைவினைஞர் ஃபிரான்சுவா துர்த் தம் விற்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் உடையவர் அல்லர். அந்த முத்திரை ஜெர்மன் வணிக விற்களில் சர்வசாதாரணம். வில்லைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் கோணாமல், நடுவில் மயிரை நோக்கி வளைந்து, முனையில் விரிசல் இல்லாமல் இருந்தால் நல்ல வில், சேர்த்தே வாங்குங்கள். நீண்ட நாள் மூடிக்கிடந்த பெட்டி என்றால் மயிர் ஆங்காங்கே அறுந்து தொங்கும். அது பூச்சி அரித்தது. புது மயிர் கட்டுவதற்கு முன் பெட்டியைக் காலி செய்து, மூலை முடுக்கெல்லாம் வேக்யூம் பிடித்து, இரண்டு நாள் நல்ல வெயிலில் திறந்துவையுங்கள். வயலினை மட்டும் அந்த வெயிலில் வைக்கவேண்டாம்.